கிண்டக் கூடாத பண்டம்

ஜூன் மாதம் வந்தால் எனக்குத் தலைமுடி வலிக்கும். அந்த மாதமும் அடுத்த மாதமும் அம்மா சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலைக்குத் தோல் சீவப் போவாள். நாள் முழுக்கத் தோத்தாபுரிப் பழத்தைச் சீவிச் சீவி, காம்பில் வடியும் பால் பட்டு அவள் விரல் நுனிகளெல்லாம் கறுத்து வெடித்திருக்கும். விடிந்ததும் அந்த விரல்களால் எனக்குத் தலை வாரிப் பின்னுவாள். வெடிப்புகளில் முடி மாட்டிக்கொண்டு சுரீரென்று இழுக்கும். நான் கத்துவேன். "கத்தாத, எனக்குந்தான் எரிது" என்பாள், இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பின்னியபடி.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், குடிபாலாவை ஒட்டியது. எங்கள் தெருவில் பேசுவது தமிழ், பஸ்ஸின் பலகையில் இருப்பது தெலுங்கு, எனக்கு மட்டும் புதிதாக ஆங்கிலம். சித்தூரில் ஓர் இங்கிலீஷ் மீடியம் ‘கான்வென்ட்’டில் ஆறாம் வகுப்பில் என்னைச் சேர்த்திருந்தார்கள். அந்த வயதில் என் கண்ணில் படும் ஆங்கிலத்தையெல்லாம் சத்தம் போட்டுப் படித்துவிட வேண்டும் எனக்கு. பிஸ்கட் உறை, மருந்துச் சீட்டு, லாரியின் பின்பக்கம், எதுவானாலும். நைனா, அதாவது என் அப்பா, பழக்கூடை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து முதுகு போய் நார்க்கட்டிலில் படுத்திருந்த காலத்தில், அவருடைய எக்ஸ்ரே உறையைக்கூட நான் விடவில்லை.

அதனால்தான் அம்மா அந்தக் காகிதத்தை நேராக என்னிடம் கொண்டுவந்தாள்.

அது ஒரு ஜெராக்ஸ் தாள். திருப்பதியில் ஒரு தெலுங்கு அம்மாள் இருந்தார். பல வருடம் குவைத்தில் வேலை செய்துவிட்டு வந்து, இப்போது எங்கள் பக்கத்துப் பெண்களை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரை ‘மேடம்’ என்பார்கள். குவைத்தில் ஒரு வீட்டுக்குச் சமையல்காரி வேண்டும் என்றும், அந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் பிடித்த ஒரு பழப் பண்டத்தைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் மேடம் சொல்லியிருந்தார். தாளைக் கொடுத்து, மூன்று வாரத்தில் பழகிக்கொண்டு திருப்பதிக்கு வந்து தன் வீட்டிலேயே செய்து காட்டச் சொன்னார். சரியாக வந்தால் அம்மாவுக்கு விசா. வராவிட்டால் புத்தூரிலிருந்து ஒருத்தி காத்திருந்தாள், அவளுக்கு.

நைனாவால் இனி மூட்டை தூக்க முடியாது. ஆலையில் வருடத்துக்கு இரண்டு மாதம்தான் வேலை. நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று அம்மா முடிவுசெய்திருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அம்மா குவைத்துக்குப் போவாள் என்பதும் தெரியும். ஆனால் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவதைப் போல, போய்விட்டு வருவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, அதற்கு மேல் என் புத்தி போகவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பரீட்சை. அதில் அம்மா பாஸாக வேண்டும். அவளைப் பாஸாக்கப் போவது நான்.

தாளில் இருந்த பெயர் பீச் காப்லர். பீச் என்றால் என்ன பழமென்று எங்கள் இங்கிலீஷ் டீச்சருக்கே தெரியவில்லை. அகராதியில் குழிப்பேரி என்று போட்டிருந்தது. அதுவும் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. "எந்தப் பழம்னாலும் சரியாம், மேடமே சொல்லிட்டாங்க" என்று அம்மா முடித்துவிட்டாள். ஜூன் மாதத்துச் சித்தூரில் வேறு எந்தப் பழத்துக்குப் போவது?

செய்முறை இவ்வளவுதான். பாத்திரத்தின் அடியில் வெண்ணெயை உருக்கி ஊற்ற வேண்டும். மைதா ஒரு டம்ளர், சர்க்கரை ஒரு டம்ளர், பால் ஒரு டம்ளர், அதோடு கொஞ்சம் பேக்கிங் பவுடரும் ஒரு சிட்டிகை உப்பும். எல்லாவற்றையும் கரைத்து, உருகிய வெண்ணெயின் மேல் ஊற்ற வேண்டும். அதன் மேல் பழத்துண்டுகளைப் பரப்பி, முக்கால் மணி நேரம் சூட்டில் வைத்தால், கீழே இருக்கும் மாவு தானாக எழும்பிப் பழத்தை மூடிக்கொள்ளுமாம். சுலபம் என்று தலைப்பிலேயே எழுதியிருந்தது. ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: கிண்டாதீர்கள்.

அம்மாவுக்கு அந்த வரிதான் பிடிபடவில்லை.

"கிண்டாம எப்பிடி பாப்பா வேவும்? அடி புடிச்சிக்காதா?"

"எழுதிக்கீதும்மா."

"எழுதனவ ஒரு நாளு வந்து எங்கூட்ல கேப்பக் களி கிண்டிப் பாக்கட்டும், அப்பறமா எழுதட்டும்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் தெருவில் கல்யாணமோ காரியமோ நடந்தால் களி கிண்ட அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். பெரிய குண்டானின் இரண்டு பக்கமும் காலை ஊன்றி, கழியை இரு கையாலும் பிடித்து, உடம்பையே வளைத்துக் கட்டி தட்டாமல் கிண்டுவாள். எங்களுக்குத் தெரிந்த பண்டங்களில் கை படாமல் ஆவது எது? கேசரியா, பொங்கலா, மாங்காய்த் தொக்கா? அடுப்பின் முன்னால் கையைச் சும்மா வைத்திருக்கிற பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லி வளர்த்துவிட்டு, ஒரு ஜெராக்ஸ் தாள் வந்து கிண்டாதே என்றால் கை கேட்குமா?

கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ‘ஓவன்’ இல்லை. அலுமினியக் குண்டானில் நான்கு விரல்கடை மணலைக் கொட்டி, அதன் மேல் சின்னப் பாத்திரத்தை வைத்து மூடி, மூடி மேல் கங்கு போட்டோம். இந்த யோசனை நைனாவுடையது; படுத்த இடத்திலிருந்தே, பிரியாணிக்குத் ‘தம்’ போடுவது போல என்று சொன்னார். நான் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, அம்மா ஒவ்வொன்றாகச் செய்தாள். பழத்தைப் பரப்பியதும் நான் தாளிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தால், கரண்டி உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. மாவும் பழமும் வெண்ணெயும் ஒன்றாகிவிட்டன.

அடுத்த வீட்டிலிருந்த ருக்கு அத்தை, நைனாவின் தங்கை, வெந்ததை எட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணி, களிக்கு மஞ்சா பூசி உக்கார வச்சிக்கீற?"

நைனா ஒரு உருண்டையை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார். "நல்லாத்தான் கீது. துன்றதா, சொவுத்துக்குப் பூசறதான்னுதான் புரியல."

"உங்களுக்கு முதுவுதான் போச்சி, வாயி போவுலயே" என்றாள் அம்மா. அந்த வருடத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்த நாட்களில் அது ஒன்று.

அடுத்த வாரம் அம்மா கிண்டவில்லை. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தாள். கங்கு சரிந்து, ஆவி போய், நடுவில் குழி விழுந்து, பச்சை மாவு சொதசொதவென்று நின்றது. அதை ஆட்டுக்குட்டிகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்காக இல்லை, என் மார்க்கு போய்விட்டதே என்று. தாளின் எல்லா வரிகளையும் என் நோட்டில் தமிழில் எழுதி, கிண்டாதே என்பதன் கீழே இரண்டு கோடு, திறக்காதே என்று நானாக ஒரு வரி சேர்த்து அதன் கீழே மூன்று கோடு போட்டேன். அவளுக்குத் தமிழும் படிக்க வராது. கோடுகளைத் தொட்டுக் காட்டினேன்.

மூன்றாம் தடவை ருக்கு அத்தையைக் காவல் வைத்தோம். பழத்தைப் பரப்பி மூடியைப் போட்டதும் அத்தை அம்மாவின் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். முக்கால் மணி நேரத்துக்கு எங்களிடம் இருந்த கணக்கு, சாயந்திரத் தெலுங்கு சீரியல் ஒன்றும் அடுத்த சீரியலில் பாதியும். அம்மாவின் விரல்கள் அத்தையின் மடியில் சும்மாவே வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தன.

"வுடுடி, கொஞ்சம் பாத்துட்டு மூடிட்றேன்."

"கம்முனு குந்து அண்ணி. உள்ள கொழந்தயா அழுதுக்கினு கீது?"

பிறகு வாசனை வந்தது. வெண்ணெயும் சர்க்கரையும் ஓரத்தில் சிவந்து, மாம்பழத்தின் புளிப்பு அதில் ஏறி, வீடு எங்கள் வீடாகவே இல்லை. இரண்டாவது சீரியலின் பாதியில் மூடியைத் தூக்கினோம். தாளில் எழுதியிருந்தபடியே மாவு மேலே எழும்பியிருந்தது. பழத்துண்டுகள் அங்கங்கே மஞ்சளாக எட்டிப் பார்த்தன. ஓரம் முறுகலாக, கரண்டியால் தட்டினால் சத்தம் வந்தது. நான் துள்ளினேன். நோட்டில் பெரிதாக ‘பாஸ்’ என்று எழுதினேன்.

ருக்கு அத்தை விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்: "அப்போ ஆவணில ஏறிடுவ அண்ணி. ரெண்டு வருசம் இன்னா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடும். பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

"ரெண்டு வருசமா?" என்றேன்.

நைனா சுவரின் பக்கம் திரும்பிப் படுத்தார். இரண்டு வருடம் என்றால் நான் எட்டாம் வகுப்பு. ஆறிலிருந்து எட்டு வரை விரல் விட்டுப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் எட்டுதான் வந்தது. வாயில் இருந்த பண்டம் இனிப்பாகவே இருந்தது, அதுதான் கொடுமை. அதை முழுங்கிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

திருப்பதிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மேடம் வேறு ஏதாவது ஆங்கிலத் தாளை நீட்டினால் படிக்க ஆள் வேண்டுமே. குடிபாலாவில் ஏறி, சித்தூரில் மாறி, திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, வழியில் வந்த பலகைகளை நான் படிக்கவில்லை. "இன்னா, வாய மூடிக்கினு வர்ற?" என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். வயிறு வலிக்கிறது என்றேன்.

மேடத்தின் சமையலறை எங்கள் வீட்டைவிடப் பெரிதாக இருந்தது. வெள்ளைக் கல் மேடை. மேடைக்குக் கீழே கண்ணாடிக் கதவு வைத்த ஓவன், உள்ளே விளக்கு. அலுமினியப் பாத்திரத்துக்குப் பதில் கனமான கண்ணாடித் தட்டு ஒன்றை மேடம் எடுத்து வைத்தார். அவர் தெலுங்கும் தமிழுமாகப் பேசுவார். "செல்வி, டைம் தீஸ்கோ, மெதுவா செய். பயப்படாத. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், சூஸ்துண்ட்டானு, பாத்துட்டிருப்பேன், அவ்ளோதான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

தோல் சீவுவதில் அம்மாவை யார் மிஞ்ச முடியும்? கத்தியை வைத்து ஒரே சுற்றில் பழத்தை உரித்தபோது மேடமே "அப்பா" என்றார். வெண்ணெய் உருகியது. மாவு கரைந்தது. அம்மா தட்டில் ஊற்றி, பழத்துண்டுகளைப் பரப்பினாள். அந்த நேரத்தில் மேடத்துக்குப் போன் வந்தது. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். கண்ணாடித் தட்டில் வெண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, மாவு ஒரு பக்கம் திட்டுத் திட்டாக நின்றது. எங்கள் குண்டானில் அது இப்படி இருந்ததில்லை. அல்லது அலுமினியத்தில் அது எங்கள் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. அம்மாவின் கை கரண்டியோடு தட்டுக்கு மேலே நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கிண்டலாமா என்று வாய் திறந்து கேட்கவில்லை, புருவம் கேட்டது.

நான் தலையாட்டினேன். ஆமாம், கிண்டு.

நோட்டில் இரண்டு கோடு போட்டவள் நான். என் தலை ஆடுவதை நானே தூரத்தில் இருந்து பார்ப்பது போல இருந்தது, நிறுத்த வரவில்லை.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேடம் போனில் யாரிடமோ பாஸ்போர்ட் நம்பரை இரண்டாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அம்மா திரும்பி, கரண்டியைத் தொட்டியில் போட்டு, குழாயைத் திறந்து, தேவைக்கு மேல் ரொம்ப நேரம் அதைக் கழுவினாள். மேடம் வந்து தட்டை உள்ளே வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. எங்கள் வீட்டில் மூடிக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத் தவித்தோம். இங்கே பார்க்கவே வைத்திருந்தார்கள். மாவு முதலில் ஓரத்தில் நெளிந்தது. பிறகு மெதுவாக மேலே வந்து, ஒவ்வொரு பழத்துண்டாக மூடிக்கொண்டு வந்தது. வராதே, வராதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது கேட்பதாக இல்லை. முக்கால் மணி நேரமும் அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவரையொருவர் பார்க்காமல், அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேடம் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டார். "பாகுந்தி, நல்லாருக்கு" என்றார். "புத்தூர்க்காரிக்கி நான் சொல்லிட்றேன். நீ போட்டோ எடுத்துக் கொண்டா."

திரும்பி வரும் பஸ் பாகாலாவைத் தாண்டியது. அம்மா முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தல ஆட்டுனத பாத்தேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தெரியாம ஆட்டலன்னும் தெரியும். கிண்டக் கூடாதுன்னு உனுக்கா தெரியாது."

"போவாதம்மா."

"கிண்டிடலாம்னுதான் எனுக்கும் இருந்துச்சி. கை கிட்டக்கவே போச்சி." அவள் குரலில் கோபம் இல்லை. "கிண்டியிருந்தா இன்னா? வேற ஒருத்தி போயிருப்பா. நாம ஊட்டுக்குப் போயிருப்போம். நைனா அதே கட்டுல்ல இருப்பாரு. நீ?" கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு, வயிற்று வலி உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று நினைத்தாளோ என்னவோ, சித்தூர் பஸ் நிலையத்தில் ஒரு சோடா வாங்கிக் குடிக்க வைத்தாள்.

ஆவணியில் விசா வந்தது. தாளை என்னிடம் நீட்டி, "படி" என்றாள். பெயர், ஊர், பிறந்த தேதி, தொழில்: குக். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, உச்சரிப்பு பிசகாமல், சத்தமாகப் படித்தேன். நைனா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டார். படித்து முடித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். படித்தேன்.

இரண்டு வருடம் என்று போனவளுக்கு அது முடிந்ததும் இன்னும் இரண்டு, அப்புறம் இன்னும் இரண்டு என்று நீண்டுகொண்டே போனது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் கடைத்தெரு டெலிபோன் பூத்தில் நானும் அத்தையும் காத்திருப்போம். அந்த வீட்டுச் சின்னப் பையன் அந்தப் பண்டத்தை வாரத்தில் இரண்டு நாள் கேட்கிறான் என்று அம்மா சொல்வாள். ஒருமுறை ஆப்பிள், ஒருமுறை பேரீச்சை போட்டுச் செய்தாளாம். மேல் முறுகலை உரித்து வைத்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் தின்கிறானாம். "அவன் அப்பிடித்தான்" என்பாள் சிரித்துக்கொண்டே. நானும் சிரிப்பேன். இடையில் மூன்று தடவை வந்தாள், ஒவ்வொரு தடவையும் நாற்பது நாள். நான் பத்து முடித்தேன், பன்னிரண்டாம் வகுப்பான இன்டர் முடித்தேன், இன்ஜினியரிங் முடித்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தேன். எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. எதுவும் தவறவில்லை.

போன வருடம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டாள். அந்த டெலிபோன் பூத் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அவள் வேலை செய்த ஆலையில் தோல் சீவுவதற்கு இயந்திரம் வந்துவிட்டதாக ருக்கு அத்தை சொன்னாள். ஜூனில் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் வண்டிகளைக் காணோம். அம்மாவின் விரல்கள் வழவழவென்று ஆகிவிட்டன. அந்தக் குவைத்துப் பையன் இப்போது காலேஜுக்குப் போகிறானாம். பால் ஆறியிருந்தால் குடிக்க மாட்டான், திராட்சை என்றால் ஒதுக்கிவிடுவான், காய்ச்சல் வந்தால் எலுமிச்சை கேட்பான் என்று அவனைப் பற்றி எல்லாமே அவளுக்குத் தெரியும். பேச்சு வாக்கில் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்வாள். நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வதுண்டு. மனதாரத்தான் சொல்கிறேன்.

சனிக்கிழமைகளில் நான் பெங்களூரிலிருந்து வருகிறேன். பையை இறக்கி வைத்ததும் சமையலறை வாசலுக்கு வந்து நின்று கேட்கிறாள்: "உனுக்கு இன்னா செய்யட்டும் கண்ணு? இன்னா புடிக்கும்?"

முதல் தடவை கேட்டபோது எதுவானாலும் சரி என்றேன். அவள் நகரவில்லை. சொன்னால்தான் செய்ய முடியும் என்பது போல நின்றாள். அதனால் இப்போதெல்லாம் வரும் வழியிலேயே ஏதாவது ஒன்றை யோசித்துவைத்துக்கொள்கிறேன். போன வாரம் கீரைக் குழம்பு என்றேன். "சரி, செஞ்சிட்றேன்" என்றவள், இரண்டு அடி போய்த் திரும்பி வந்து, எனக்குக் காரம் எவ்வளவு ஆகும் என்று கேட்டாள்.